கடலூர் வெயிலும் பீர்ப் பீப்பாயும்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரம். அடுத்த முறை போகும்போது சன்னலோரம் அமர்ந்து வெளியே பாருங்கள். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மணல்மேட்டிலும் பனைமரங்கள் நிற்கும். கடலூருக்குள் நுழைந்ததும் அரசு மதுக்கடை ஒன்று கண்ணில் படும். அங்கே குளிர்ப்பெட்டிக்குள் பீர்ப் புட்டிகள் வரிசையாக இருக்கும்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. பனை இந்த மண்ணில் தானே முளைத்து வளர்வது. அதன் கள்ளை இங்கே விற்கச் சட்டம் இடம் தரவில்லை. பீருக்கு மூலப்பொருளான பார்லி கடலூர்ப் பக்கம் விளைவதே இல்லை. அதன் கசப்புக்குக் காரணமான ஹாப்ஸ் கொடி குளிர்நாட்டுப் பயிர். ஆனால் பீர் எல்லா மதுக்கடைகளிலும் கிடைக்கிறது. உள்ளூர்க்காரன் வெளியே நிற்கிறான், விருந்தாளி வீட்டுக்குள் அமர்ந்திருக்கிறான். இது எப்படி நேர்ந்தது?

அரசாங்கம், வரி, ஒழுக்கம் என்று பல காரணங்களைச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எளிய கருவி இருக்கிறது. அது வெப்பமானி. நம் நாட்டுப் பானங்களின் வரலாற்றை அதன் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குடிக்கச் சொல்வது நம் வேலை அன்று. உபதேசம் செய்வதும் நம் வேலை அன்று.

துணைக்கு ஒரு கற்பனை மனிதரை அழைத்துக்கொள்வோம். அவர் ஓர் ஆங்கிலேயர், பீர்ப் பிரியர். மார்க்கண்டேயன் என்றும் பதினாறு; நம்மவர் என்றும் நாற்பது. 1690 முதல் இன்றுவரை அவர் உயிரோடு இருப்பதாகக் கொள்வோம். நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று தேடுவதே அவர் தொழில். அவர் கற்பனையானவர், அவர் காணும் உலகம் மட்டும் உண்மையானது.

தேவனாம்பட்டினத்தில் தாகம்

1690ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் இடம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது உடன்பாடு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதை நமக்கு நினைவூட்டுகிறது.

நம் பீர்ப் பிரியர் இந்தக் கோட்டையில் எழுத்தர் வேலைக்கு வந்து சேர்கிறார். சித்திரை மாத வெயில். சட்டைக்கு மேல் கோட்டு. நாக்கு வறண்டு போகிறது. கோட்டைச் சாப்பாட்டு மேசையில் என்ன இருக்கிறது? கோவாவிலிருந்தும் ஜாவாவின் பட்டேவியாவிலிருந்தும் வந்த சாராயம் இருக்கிறது. பாரசீகத்து ஷிராஸ் நகரின் திராட்சை மது இருக்கிறது. சாராயத்தோடு சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மசாலாப் பொருள் ஆகியவற்றைக் கலந்த ‘பஞ்ச்’ என்ற பானமும் இருக்கிறது. ஐந்து பொருள் சேர்ந்ததால் பஞ்ச் என்று பெயர் வந்ததாகப் பரவலாகக் கூறுவர். பஞ்சாமிர்தத்தில் வரும் அதே ‘பஞ்ச’! இதை விற்ற கடைகளைப் பஞ்ச் வீடுகள் என்றார்கள். இன்று நாம் ‘பார்’ என்று சொல்கிறோமே, அதற்கு இந்நாட்டில் அவையே முன்னோடிகள்.

பீர்? இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் சில பீப்பாய்கள் மட்டுமே. அவற்றிலும் பல வழியிலேயே புளித்துவிடும். பிரியர் சலித்துப் போகிறார். “நாமே காய்ச்சிவிட்டால் என்ன?” என்று எண்ணுகிறார். பாத்திரம் இருக்கிறது, விறகு இருக்கிறது, பார்லியைக் கப்பலில் வரவழைக்கலாம். இருந்தும் அவர் தோற்றுப் போவார். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, பீர் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

பீர் பிறக்கும் விதம்

பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். விதைக்குள் இருப்பது மாவுச்சத்து. இளஞ்செடிக்கு உணவாக அதைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் முளைக்கும்போது விதையில் உண்டாகின்றன. இவ்வாறு மாற்றும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1833இல் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதற்கு ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டனர். முளைத்த பார்லியை உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி மாவாக்கிக் கஞ்சி வைப்பதும் இதே தத்துவந்தான்.

மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் கலக்கினால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது. புளிக்கச் செய்யும் சில நுண்ணுயிர்களையும் அடக்குகிறது. பிறகு சாற்றை ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சை. அது சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. கணக்காகச் சொன்னால், 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரியும்.

இங்கேதான் வெப்பமானி குறுக்கிடுகிறது. ‘ஏல்’ வகைப் பீரின் ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 15 முதல் 24 பாகை செல்சியஸ் ஏற்றது. ‘லாகர்’ வகைக்கு இன்னும் குளிர் வேண்டும். 7 முதல் 13 பாகை. வெப்பம் மிகுந்தால் ஈஸ்ட் அவசரப்படும். அவசரத்தில் விரும்பத்தகாத வாசனைப் பொருள்களையும் உண்டாக்கும். போதாக்குறைக்கு, நொதித்தல் தானே வெப்பத்தை வெளிவிடும் வினை. தொட்டிக்குள் வெப்பம் மேலும் ஏறும். லாக்டிக் அமிலம், அசெட்டிக் அமிலம் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கோ இது கொண்டாட்டம்.

இது உங்களுக்குத் தெரியாததன்று. இட்லி மாவு மார்கழியில் பொங்கத் தாமதிக்கிறது. சித்திரையில் விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடுகிறது. இட்லி மாவுக்கு ஓரிரவு போதும். பீரை நிதானமாகப் பல நாள், பல வாரம் வைத்திருக்க வேண்டும். கடலூரில் தை மாத இரவில்கூட வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும். கோடையில் பகல் 37 பாகையைத் தாண்டும். இந்த வெயிலில் வைத்த சாறு பீராகாது, காடியாகும்.

ஐரோப்பியருக்கே இந்தத் தொல்லை இருந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதால், செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று 1553இல் ஆணையிட்டார்கள். பவேரியாவின் கோடையே ஆகாதென்றால் கடலூரின் கோடையைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

மரத்தின் மேல் ஒரு மதுச்சாலை

தோல்வியுற்ற நம் பிரியர் கோட்டைக்கு வெளியே நடக்கிறார். ஒருவர் இடுப்பில் அரிவாள் பெட்டியும் கலயமுமாகப் பனையிலிருந்து இறங்குகிறார். கலயத்தில் வெண்மையான, நுரைத்த பானம். காலையில் இறக்கியது; ஏற்கெனவே கள்ளாகிவிட்டது!

பனம்பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலையே இங்கு இல்லை; மரமே அதை முடித்துத் தருகிறது. பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் சாறு சொட்டத் தொடங்கிய கணத்திலிருந்தே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கடலூர் வெயில் அவற்றுக்கு உகந்தது. லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை முழுவதும் மாறினால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் கிடைக்க வேண்டும். நடைமுறையில் கள்ளின் ஆல்கஹால் அளவு நூற்றுக்கு 4 முதல் 6 வரை. ஏறக்குறைய பீரின் அளவேதான்.

கள் வேண்டாம், இனிப்பான பதநீர் வேண்டும் என்றால்? கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் நொதிக்கும் உயிர்கள் செயலற்றுப் போகின்றன. ஒரு விரல் சுண்ணாம்பு, ஒரே மரத்துச் சாற்றை மதுவாகவும் குழந்தை குடிக்கும் பானமாகவும் பிரித்துவிடுகிறது. பாஸ்டர் பிறப்பதற்கு முன்பே நம் பனையேறிகள் கையாண்டு வந்த நுண்ணுயிரியல் இது.

ஆனால் கள்ளுக்கு ஒரு குறை உண்டு. அது நிற்பதில்லை. காலையில் இனிப்பு, மாலையில் மது, ஓரிரு நாளில் காடி. வெயில் எதை விரைவில் ஆக்கியதோ அதை விரைவில் அழிக்கவும் செய்கிறது. ஆகவே கள் மரத்தடியை விட்டு வெகுதூரம் போக முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுவே திறவுகோல்.

சங்க காலத்துச் சாடி

“பனங்கள் இருக்கட்டும். தானியத்திலிருந்து இந்நாட்டவர் எதுவும் செய்ததில்லையா?” என்று பிரியர் கேட்கிறார். செய்திருக்கிறார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசியிலிருந்து மது செய்யும் முறையே சொல்லப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, ஒருவகை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

ஓர் ஆய்வுக்கூடக் குறிப்பைப் போல் இல்லையா இது? அரிசிக் களியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்ட்டால் நேரடியாக உண்ண முடியாது. யாராவது சர்க்கரையாக மாற்றித் தர வேண்டும். அந்த அடைதான் அந்த ‘யாரோ’. அது முளைத்த தானியத்தால் ஆனதென்றால், பார்லி மால்ட் செய்யும் வேலையைச் செய்திருக்கும். பூஞ்சை படர்ந்த அடையென்றால், ஜப்பானியர் ‘கோஜி’ கொண்டும் நம் வடகிழக்கு மலைமக்கள் மாவு அடைகள் கொண்டும் அரிசி மது செய்கிறார்களே, அந்த வழியாக இருக்கும். புலவர் அந்த அடையின் தோற்றத்துக்குக் கறையான் புற்றுக்குள் இருக்கும் குரும்பியை உவமை சொல்கிறார். கறையான் பூஞ்சை வளர்க்கும் இடம் அது என்பதை இன்று நாம் அறிவோம். உவமை பூஞ்சை அடையைச் சுட்டுகிறது என்று ஊகிக்க இடமுண்டு.

எப்படியானாலும், தானியத்திலிருந்து நொதிக்கவைத்த மதுவைப் பீர் என்று சொல்வதானால் தமிழரிடம் அப்போதே பீர் இருந்தது. ஆனால் அது இரண்டு நாளில் விளைந்து உடனே தீர்ந்துவிடும் வீட்டுப் பீர். வெப்பத்தோடு சண்டையிடாமல் அதன் போக்கிலேயே போய்ச் செய்த பீர்.

கப்பலில் ஆறு மாதம்

நம் பிரியருக்கு நாடு முழுவதும் அமைதியில்லை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1752 வரை கடலூர்க் கோட்டையே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது. பிறகு வந்த போர்களில் சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. 1781இல் ஹைதர் அலியின் படை காத்திருந்த அக்கோயிலைத் தாக்கி ஆங்கிலத் தளபதி ஐயர் கூட் தோற்றுத் திரும்பினார். சில நாளில் பரங்கிப்பேட்டைப் போரில் வென்றார். இத்தனை படைவீரர்களும் அதிகாரிகளும் கூடியபோது, ஊர்ச் சாராயத்துக்குப் பதில் ஊரிலிருந்து வரும் பீருக்குத் தேவை பெருகியது.

இங்கிலாந்திலிருந்து சென்னைக்குக் கப்பல் வர ஐந்தாறு மாதம். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். இந்தப் பயணத்தைத் தாங்கப் பீருக்கு இரண்டு துணை தேவைப்பட்டன: மிகுதியான ஹாப்ஸ், மிச்சச் சர்க்கரை குறைவாக இருக்கும்படி நன்கு நொதித்த சாறு. லண்டனில் கப்பல்துறைக்கு அருகே 1752இல் ஆலை தொடங்கிய ஹாட்சன் குடும்பம் கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணைக் கடனில் பீர் கொடுத்து இந்த வணிகத்தைப் பிடித்தது. பின்னர் 1822இல் ரஷ்யா வரியை உயர்த்தியதால் சந்தையை இழந்த பர்ட்டன் நகரத்துச் சாமுவேல் ஆல்சாப், கம்பெனி இயக்குநர் ஒருவர் தூண்டியதன்பேரில் இந்தியாவுக்குப் பீர் காய்ச்சத் தொடங்கினார். பர்ட்டன் நீரில் ஜிப்சம் மிகுதி. அது வெளிறிய, கசப்பான பீருக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. இன்று உலகெங்கும் ‘இந்தியா பேல் ஏல்’ என்று பெருமையாகக் குடிக்கிறார்களே, அந்தப் பெயரில் உள்ள இந்தியா அதைக் காய்ச்சிய நாடன்று. அதைக் காய்ச்ச இயலாத வெப்ப நாடு!

கடலூருக்கு வந்த புட்டியைக் குளிரவைப்பது எப்படி? நீரில் வெடியுப்பைக் கரைத்து அதற்குள் புட்டியைச் சுழற்றுவார்கள். வெடியுப்பு கரையும்போது சூழலிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; நீர் குளிரும். துப்பாக்கி மருந்துக்குரிய உப்பு மதுப்புட்டியைக் குளிர்வித்தது. பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பிரடெரிக் டியூடர், ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதித்துக் கப்பலேற்றினார். 1833இல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. 1840களில் சென்னைக் கடற்கரையிலும் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் அப்பகுதிக்கு வழங்குகிறது. கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனால் பனிக்கட்டி கோப்பையைக் குளிர்விக்கப் போதுமே தவிர, ஆலையைக் குளிர்விக்கப் போதாது.

மலையேறிய பீர்

“வெப்பம் இறங்காவிட்டால் நாம் ஏறுவோம்” என்று பிரியர் மூட்டை கட்டுகிறார். மலையில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கடற்கரையில் ஆண்டுச் சராசரி 28 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரம். 2.24ஐ 6.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14.5. கழித்துப் பாருங்கள்: 13.5. உதகையின் சராசரி வெப்பம் உண்மையில் 14 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. ஏல் ஈஸ்ட்டுக்கு ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வரவேண்டிய குளிர், கடலூரிலிருந்து சில நாள் பயணத் தூரத்தில் இருந்தது.

1857ஐ ஒட்டி நீலகிரியில் பீர் ஆலைகள் தோன்றின. வெலிங்டனில் வெள்ளைக்காரப் படைகளின் பாசறை இருந்ததால் வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. படகர் மக்கள் மலைச்சரிவில் பார்லி விளைத்தனர். ஹாப்ஸ் மட்டும் கடல் கடந்து வந்தது. இதே கணக்கில்தான் வடக்கே இமயமலைச் சாரலில் கசௌலியிலும் மர்ரியிலும் ஆலைகள் எழுந்தன. நீலகிரி ஆலைகள் உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கி யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பெரிய பீப்பாய்களில் பீர் மாட்டு வண்டியேறிப் படைமுகாம்களுக்குப் போனது.

இதற்கிடையே ஐரோப்பாவில் பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. 1870களில் கார்ல் வான் லிண்டே என்ற ஜெர்மன் பொறியியலார் மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் பீர் ஆலைக்காகக் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். 1876இல் பாஸ்டர், பீர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று விளக்கி நூல் வெளியிட்டார். 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். இனிப் பீருக்கு மலை தேவையில்லை. மின்சாரம் இருந்தால் சமவெளியிலும் காய்ச்சலாம். கிருமி நீக்கிப் புட்டியில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியும், மருத்துவமனையில் தடுப்பூசி வைக்கும் பெட்டியும் பீர் ஆலைக்காகப் பிறந்த அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள் என்றால் மிகையன்று.

கெடாத பானத்துக்கே வரி

வெப்பத்தை வெல்ல இன்னொரு வழியும் உண்டு. அது வடித்தல். ஆல்கஹால் 78 பாகையில் கொதிக்கும்; நீர் 100 பாகையில். நொதித்த சாற்றைக் காய்ச்சி, முதலில் எழும் ஆவியைக் குளிரச் செய்தால் சாராயம் கிடைக்கும். அதில் ஆல்கஹால் மிகுதியாக இருப்பதால் எந்த நுண்ணுயிரும் வாழாது. எந்த வெயிலிலும் கெடாது.

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் வழியில் உள்ள நெல்லிக்குப்பத்துக்கு வாருங்கள். 1840களில் பாரி நிறுவனம் அங்கே சர்க்கரை ஆலை நடத்தத் தொடங்கியது. கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு நொதிப்பதற்கு மிக ஏற்றது. சர்க்கரையும் சாராயமும் இணைபிரியாத தொழில்களாயின. இ.ஐ.டி. பாரி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1897இல் தோன்றிய ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ்’ என்ற வடிசாலை நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே அந்த இ.ஐ.டி.!

அரசின் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். கள் ஆயிரக்கணக்கான மரங்களில், ஆயிரக்கணக்கான கைகளில் ஊறுகிறது, அன்றே தீர்ந்துவிடுகிறது. அதன்மீது வரி போட ஒவ்வொரு மரத்தையும் எண்ண வேண்டும். 1886ஆம் ஆண்டுச் சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ் அப்படித்தான் மரவரி வாங்கினார்கள். சாராயமோ ஒரே ஆலையில் பிறக்கிறது. பூட்டி வைக்கலாம், அளக்கலாம், முத்திரையிடலாம், வண்டியேற்றலாம். ஆலைப் பீரும் அப்படியே. கெடாத பானம் பயணம் போகும். பயணம் போகும் பானத்தை அரசு எளிதில் பிடிக்கும். வெப்பமானி வரிக் கணக்கனுக்கு வழிகாட்டிய விதம் இது.

மூடிய கதவும் திறந்த கதவும்

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரரான ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீர் அதன் பின்னணி. அதை எவரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நம் பிரியர் கடலூருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி எல்லையைத் தாண்டப் பழகிக்கொண்டார்.

1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1973, 1974இல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மறுபடி திறந்தன. 1983இல் அரசின் வாணிபக் கழகமான டாஸ்மாக் தோன்றியது. 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் தடை வந்தது. கள்ளுக்கான தடை இன்றும் தொடர்கிறது. ஆலையில் செய்து புட்டியில் அடைத்தவை நீடித்தன. பீரின் அளவே போதை உள்ள கள் போயிற்று. அதைப்போல் எட்டு மடங்கு ஆல்கஹால் உள்ள பிராந்தியும் விஸ்கியும் நின்றன.

சட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது? 2023 மே மாதம் மரக்காணம் பகுதியில் நச்சுச் சாராயம் குடித்தவர்கள் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டும் பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஊர்கள். கொன்றது மெத்தனால். மணத்தாலும் சுவையாலும் சாதாரண ஆல்கஹாலிலிருந்து அதைப் பிரித்தறிவது அரிது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தாக்கிக் குருடாக்கும்; மூச்சை நிறுத்தும். இந்த அளவு மெத்தனால் நொதித்தலில் உண்டாவதில்லை. தொழிற்சாலைக்குரிய பொருளை மனிதன் கலந்தால்தான் வரும். எங்கே, யார் செய்தது என்று குடிப்பவனுக்குத் தெரியாத பானத்தில்தான் இந்த நஞ்சு ஒளிந்துகொள்கிறது.

கடைசிக் கோப்பை

நம் பிரியரின் பயணம் முடியவில்லை. 2010ஐ ஒட்டிப் பெங்களூரில் சிற்றாலைப் பீர்க்கடைகள் தோன்றத் தொடங்கின. கடைக்குள்ளேயே சிறு ஆலை. அங்கே காய்ச்சியதை அங்கேயே ஊற்றித் தருவார்கள். பிரியர் ஓடோடிப் போகிறார். ஒரு கோதுமைப் பீரை முகர்கிறார், வாழைப்பழ வாசனை! பழம் எதுவும் போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளின் மணம் அது. வாழைப்பழத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது. அடுத்தது மைபோல் கறுத்த ‘ஸ்டவுட்’. காப்பிக்கொட்டை போல வறுத்த மால்ட் தந்த நிறமும் கசப்பும். மூன்றாவதில் மாம்பழம். நான்காவதில் கேழ்வரகு! பிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கிறார்.

கண்ணாடிக்கு அப்பால் எஃகுத் தொட்டிகள் நிற்கின்றன. அவற்றின் சுவர்களுக்குள் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே 30 பாகை, தொட்டிக்குள் 18. மேசைகளில் இளைஞர்கள் நிறைய விலை கொடுத்து வாங்கிய கோப்பைகளைப் புகழ்கிறார்கள். “இது புதிதாக இறக்கியது. கிருமி நீக்காதது, உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது. இந்த ஊரில் இந்தக் கடையில் மட்டுமே கிடைக்கும். வெளியே கொண்டுபோனால் கெட்டுவிடும்” என்கிறார்கள்.

பிரியருக்குச் சிரிப்பு வருகிறது. இதே வாசகங்களை அவர் முன்பே அறிவார். 1690இல் தேவனாம்பட்டினத்தில் பனையிலிருந்து இறங்கிய அந்த மனிதரின் கலயத்துக்கு இவை ஒவ்வொன்றும் பொருந்தும். குறை என்று தள்ளியவற்றையே முந்நூறு ஆண்டுகள் கழித்து உலகம் பெருமை என்று விலை கொடுத்து வாங்குகிறது.

கள்ளை மீண்டும் அனுமதிக்க வேண்டுமா, வேண்டாமா? அது மக்களும் அரசும் முடிவு செய்ய வேண்டியது. குடி எந்த வடிவில் வந்தாலும் உடலுக்கும் குடும்பத்துக்கும் கேடு உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நாம் இழக்கக்கூடாது. பாளையை எந்தக் கோணத்தில் சீவ வேண்டும், எத்தனை நாள் தட்டிப் பதப்படுத்த வேண்டும், எவ்வளவு சுண்ணாம்பு தடவ வேண்டும் என்ற அறிவு நூல்களில் இல்லை. பனையேறிகளின் கைகளில் இருக்கிறது. ஏறுபவர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். தகப்பனுக்குப் பின் மகன் ஏறாவிட்டால், அந்த அறிவு ஒரு தலைமுறையில் மறைந்துபோகும். மரம் நிற்கும், கலயம் இருக்காது.

பிரியர் சிதம்பரம் சாலையில் பேருந்தைவிட்டு இறங்குகிறார். பங்குனி வெயில். சாலையோரம் ஒருவர் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருகிறார். முந்நூறு ஆண்டுத் தாகத்தோடு அவர் அதை இரு கைகளாலும் ஏந்திக் குடிக்கிறார். நீங்களும் அடுத்த முறை அவ்வழியே போனால் இறங்கி ஒரு பட்டை வாங்கிக் குடியுங்கள். குடித்துக்கொண்டே அந்தக் கலயத்துக்குள் எட்டிப் பாருங்கள். உட்புறம் வெள்ளையாகத் தெரியும். அதுதான் அந்த ஒரு விரல் சுண்ணாம்பு.